பிஷப்பிடம் கேட்ட நூறு ராஜாக்கள்

துளைக்குள் இருந்த கை நடுங்கியது. சதக்குத்தம்பியின் கையும் நடுங்கியது. எது முதலில் நடுங்கத் தொடங்கியது என்று சொல்வதற்கில்லை. இரண்டு கைக்கும் நடுவே கிட்டத்தட்ட எண்ணூறு வருஷம் கிடந்தது.

கையைக் கண்டு பயப்படுகிற ஆள் இல்லை அவர். காயல்பட்டினத்திலிருந்து வந்து ஜப்பானின் கோபே நகரத்தில் முத்துத் தரகு செய்கிறவர். விற்கிறவர் கையையும் வாங்குகிறவர் கையையும் லேஞ்சி என்கிற கைக்குட்டையால் மூடி, வாயைத் திறக்காமல், விரலைப் பிடித்தே விலையை முடித்துவிடுவார். சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பவர்களுக்கு வெள்ளைத் துணி அசைவதுதான் தெரியும். விரல் முன்னால் வருகிற கை அவசரத்தில் இருக்கிறது. தளர்ந்து கிடக்கிற கை பொய் சொல்கிறது. மோதிரத்தைத் திருகிக்கொண்டே வருகிற கை வீட்டில் கேட்காமல் கிளம்பியிருக்கிறது. உயிரோடு இருக்கிறவர்களிடம் இந்தப் படிப்புச் செல்லுபடியாகும். இந்தக் கைக்குச் சூடும் இல்லை, குளிரும் இல்லை. அழுத்தம் மட்டும் இருந்தது.

அவரை இங்கே கொண்டுவந்து விட்டவர் ஹிராயாமா. கோபே முத்துச் சந்தையில் அவர் தும்மினால் பாதிச் சந்தை குல்லா போட்டுக்கொள்ளும். அப்படிப்பட்டவருக்கு ஒரே ஒரு மனக்குறை. ஜப்பானின் முதல் அரசர் ஜிம்மு. சூரிய தேவியின் வம்சம், கிழக்கு நோக்கிப் படகோட்டி வந்தார், மூன்று கால் காக்கை வழிகாட்டியது, வில்லின் நுனியில் பொன்னிறப் பருந்து வந்து உட்கார்ந்தது என்று சொல்வார்கள். அதைக் கதை என்று யாராவது சொல்லிவிட்டால் ஹிராயாமாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

"நம்ம பிள்ளையை நாமே நல்லவன்னு சொன்னா யார் நம்புவா, சதக்கு-சான்? சம்பந்தமில்லாத ஒருத்தர் சொல்லணும்," என்றார்.

சம்பந்தமில்லாத அந்த ஒருத்தர்தான் எண்ணூறு வருஷத்துக்கு முந்திய ஸ்பெயின் நாட்டுப் பிஷப் ஒர்தோன்யோ. அவர் எழுதுகிற வரலாற்றில் ஜிம்முவின் பெயர் ஏற வேண்டும்.

ரோக்கோ மலைச்சரிவில் இருந்த ஆய்வுக்கூடத்தில் டாக்டர் இசோனோ என்ற அம்மாள் எல்லாவற்றையும் விளக்கினார். பேச்சு ஜப்பானிய மொழியில் நடந்தது.

"ஒளி போகாது. ஒலி போகாது. அழுத்தம் மட்டும் போகும். காலத்தில் விழுந்த அவ்வளவு சின்னத் துளை. பிஷப் எழுதுகிற அறையின் சுவரில் ஒரு மாடம் இருந்தது. அதில் ஒரு புனிதரின் விரல் எலும்பு. எழுத உட்காரும் முன் அதற்குள் கைவிட்டு வேண்டிக்கொள்வார். இடிந்த கோயிலிலிருந்து வாங்கி வந்த அந்த மாடக்கல்தான் இது."

"அப்போ என் கையை அவரு புனிதர் கைன்னு நெனச்சிருவாரே?"

"நினைக்கட்டும். உலக அரசர்களின் வரலாற்றை எழுதுகிறார். வரிசையில் ஒரு ராஜாவுக்கு அப்பா இல்லை என்றால் அவரே ஓர் அப்பாவை உண்டாக்கி எழுதிவிடுவார். அவர் எழுதியபடி அவர் நாட்டின் முதல் அரசனே கடல் தாண்டி வந்த ஓர் அரக்கன்."

"சரிதான். நம்ம ஆளு," என்றார் சதக்குத்தம்பி.

டாக்டர் சிரிக்கவில்லை. "அவர் ஒரு வரி எழுதினால் இந்தப் பக்கம் உலகம் மாறும். கொஞ்சம் மாறலாம், நிறையவும் மாறலாம். கை உள்ளே இருக்கிறவருக்கு மட்டும்தான் பழைய உலகம் ஞாபகமிருக்கும். எங்களைக் கேட்டால், என்றைக்கும் இப்படித்தான் இருந்தது என்போம். அதனால் உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவர் கதவுக்கு வெளியே உட்கார வேண்டும். வெளியே வந்ததும் அவரைப் பாருங்கள். எவ்வளவு மாறியிருக்கிறது என்று தெரியும்."

"மாறுன உலகத்துலயும் ஒரு சதக்குத்தம்பி துளைக்குள்ள கைய விட்டுட்டு நிப்பானே. நான் அங்கே போனா அவன் எங்கே போவான்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தக் கணக்கை இன்னும் நாங்கள் போட்டுப் பார்க்கவில்லை."

அப்போதே லேஞ்சியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கி வந்திருக்க வேண்டும். ஆனால் பேச ஆரம்பித்த வியாபாரத்தைப் பாதியில் விட்டார் என்ற பெயர் சந்தையில் அவருக்குக் கிடையாது. அந்தப் பெருமைதான் அவரை நாற்காலியில் உட்கார்த்தி வைத்தது.

வெளியே உட்கார அவர் மனைவி ஜொகரா வந்தாள். மடியில் சோற்றுப் பாத்திரம், தலையை மூடிப் பூப்போட்ட தட்டம், வாயில் கேலி.

"என்ன மச்சான், செத்தவங்களுக்கும் தரகு பாக்க ஆரம்பிச்சிட்டியளா?"

"அவங்கதான் புள்ள பேச்சு மாற மாட்டாங்க."

உள்ளே போகும் முன் இருவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். நெய்ச்சோறும் கத்திரிக்காய் மாங்காயும். கறி இல்லாவிட்டாலும் அவருக்குக் கவலையில்லை, கத்திரிக்காய் மாங்காய் இருக்க வேண்டும். பாத்திரத்தை வழித்துத் துடைத்தார். அவள் இடது புருவத்தில் குறுக்கே ஒரு வடு. கல்யாணமான வருஷம் கித்தானோ மேட்டில் அவர் சைக்கிள் பழகிக்கொடுத்து, பேச்சு சுவாரசியத்தில் பிடியை விட்டதால் வந்தது. சண்டை வரும்போதெல்லாம் அந்தப் புருவத்தைத்தான் தூக்கிக் காட்டுவாள்.

"வெளிய வரும்போது 'இருக்கியா'ன்னு கேப்பேன்."

"எங்கெ போவேன்னு சொல்லுதேன். போங்க."

அப்படித்தான் முதல் நாள் கை துளைக்குள் போனது.

டாக்டர் பலகையில் பெரிதாக எழுதிவைத்த லத்தீன் எழுத்துகளைப் பார்த்து, அந்த உள்ளங்கையில் ஒவ்வொன்றாக விரலால் எழுதினார் சதக்குத்தம்பி. கிழக்கே, கடலுக்கு அப்பால், ஒரு தீவு என்று தொடங்கி மூன்று வரி. கை மிரண்டு பின்வாங்கியது, பிறகு தயங்கித் திரும்பி வந்தது. அவருடைய மூன்று விரலைப் பிடித்தது. இரண்டை மடக்கிவிட்டது. ஒன்றை மட்டும் அழுத்தியது.

"டாக்டர்! மனுசன் பேரம் பேசுறான்! மூணு வரியை ஒரு வரியாக் கொறைக்கிறான்!"

"அந்த ஊரில் கழுதைச் சந்தை இருந்தது. அங்கியின் கைக்குள் கைவிட்டு விலை பேசுவார்களாம். அவருடைய அப்பா கழுதை வியாபாரி."

எண்ணூறு வருஷத்துக்கு அப்பால் ஒரு சந்தைக்காரன்! சதக்குத்தம்பிக்கு ஊரில் மச்சினனைப் பார்த்ததுபோல் இருந்தது. அந்தக் கணத்தில் பயம்கூட விட்டுப்போயிற்று. இரண்டு கேட்டார், ஒன்றில் முடித்தார். கையை எடுத்தார். கதவுக்குப் போனார்.

"இருக்கியா?"

"எங்கெ போவேன்?"

கதவைத் திறந்தார். அதே நாற்காலி, அதே தட்டம், அதே கேலிக் கண். இடது புருவம் மொழுமொழுவென்று இருந்தது.

"உன் வடு எங்கே?"

"என்ன வடு?"

"சைக்கிள்லேருந்து விழுந்தியே."

"நான் எப்போ சைக்கிள் விட்டேன்? பிஷப்பு ஒங்களுக்கு என்னமும் ஊதிவிட்டுட்டாரா?" என்று சிரித்தாள்.

சதக்குத்தம்பியும் சிரித்துவைத்தார். எங்கோ ஒரு பழைய தோல் ஏட்டில் ஒரு வரி ஏறியது, இங்கே ஒரு புருவம் நேராகிவிட்டது. போனது ஒரு வடுதானே, பெண்ணுக்கு அழகுதானே கூடியிருக்கிறது என்று மனசைத் தட்டிக்கொடுத்தார். ஆனால் அந்த மேட்டில் அவள் விழுந்ததும், ரத்தத்தோடு எழுந்து அவரையே திட்டிச் சிரித்ததும் இப்போது உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

மறுநாள் முதல் அரசரின் பெயரை எழுத வேண்டிய நாள். ஹிராயாமாவுக்கு வேண்டியது ஒரே ஒரு ராஜா. டாக்டரும் ஒரே ஒரு ராஜாவுக்குத்தான் பலகையில் எழுதி வைத்திருந்தார்.

"ஒண்ணு வேணும்னா ஒண்ணு கேக்கக் கூடாது டாக்டர். முந்தாநாள் பொறந்த தரகனுக்குக்கூட இது தெரியும். நூறு கேட்டாத்தான் கழிச்சுக் கழிச்சு ஒண்ணுல வந்து நிப்பாரு. நீங்க நூறுன்னு எழுதுங்க. ஆளுக்கு ஒரு முத்துக் கருவூலம்னும் சேத்து எழுதுங்க. அவரு வெட்டுறதுக்குச் சதை வேணாமா?"

டாக்டர் தயங்கினார். நேற்றைய பேரத்தைக் கண்ணால் பார்த்தவர். எழுதிக்கொடுத்தார்.

கை உள்ளே காத்திருந்தது. சதக்குத்தம்பி எழுதினார்: சூரியனின் பிள்ளை ஜிம்மு முதலாக நூறு அரசர்கள், ஒவ்வொருவருக்கும் முத்தால் நிறைந்த கருவூலம். எழுதி முடித்து, ஐந்து விரலையும் விரித்துக்கொடுத்துவிட்டு, எதிராளி மடக்கப்போகிற விரலுக்காகக் காத்திருந்தார்.

ஒரு விரலும் மடங்கவில்லை.

அந்தக் கை முழுசாகத் திறந்துகொண்டது. பிறகு இன்னொரு கையும் வந்தது. இரண்டும் சேர்ந்து அவர் கையைப் பொத்திப் பிடித்து, மெதுவாக, மேலும் கீழும் அசைத்தன. எந்தச் சந்தையிலும் அதற்கு ஒரே அர்த்தம்தான்: கேட்ட விலைக்கே முடிந்தது.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. முதல் நாள் வந்தது தரகனா புனிதனா என்று பிஷப்புக்குச் சந்தேகம் இருந்திருக்கும். இரண்டாம் நாளும் கை வந்ததும் சந்தேகம் தீர்ந்துவிட்டது. புனிதரிடம் யார் பேரம் பேசுவார்கள்?

"வேணாம், வேணாம்!" என்று தமிழில் கத்தினார். சத்தம் போகாத துளையில் யாருக்குக் கேட்கும்? பொத்திய கைகள் விலகின. எழுதுகிறவர் எழுதப் போய்விட்டார்.

கையை உருவினார். திரும்பினார். டாக்டர் இசோனோ நின்ற இடத்தில் தாடி வைத்த ஒரு பெரியவர் நின்றார்.

சதக்குத்தம்பி கதவுக்கு ஓடினார்.

"இருக்கியா?"

பதில் இல்லை.

"ஜொகரா! இருக்கியா புள்ள?"

வெளியே ஒரு நாற்காலி கிரீச்சென்று நகர்ந்தது. கதவைத் திறந்தார். முன்பின் பார்த்திராத ஒரு பெண், துணியில் கட்டிய சோற்றுப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவர் தோளைத் தாண்டி அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"தோமே?" என்று கூப்பிட்டாள். "தோமே!"

அவளை விசாரிக்க அவருக்கு நேரமில்லை. கதவைச் சாத்திவிட்டுப் பெரியவரிடம் திரும்பினார். சுவரில் ஒரு பெரிய வரைபடம் தொங்கியது. விரல் தானாகவே குமரி முனைக்குப் போய், கிழக்குக் கரையோரமாக மேலே ஏறியது. காயல்பட்டினம் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தில்லை. கீழேயும் இல்லை, மேலேயும் இல்லை. கரை நெடுக வெறும் மணல் புள்ளி.

"இங்கே ஊர் இருந்துச்சே?" அவருடைய ஜப்பானிய மொழி உளறியது. "முத்துக் குளிச்ச ஊரு. உம்மா, வாப்பா, பள்ளிவாசல், எங்க தெரு..."

"பள்ளிக்கூடப் பாடம்தானே," என்றார் பெரியவர். அவர் பேசிய ஜப்பானிய மொழியில் பாதி வார்த்தை வேறு எங்கிருந்தோ வந்ததாக இருந்தது. "பிஷப்பின் புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் கப்பல்கள் கிளம்பின. நூறு ராஜா, நூறு முத்துக் கருவூலம். வருகிற வழியில் இருந்த முத்துத் துறைகளில் ஒன்றைக்கூட விடவில்லை. எரித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனார்கள்." பிறகு கதவைத் திரும்பிப் பார்த்தார். "ஆமாம், நீங்கள் யார்? துளையில் கைவிட்டது எங்கள் தோமே. வெளியே இருப்பது அவன் மனைவி. அவன் எங்கே?"

சதக்குத்தம்பி தரையில் உட்கார்ந்தார். நூறு என்று கேட்டது அவர். முத்து என்று சேர்த்ததும் அவர். வெட்டுவதற்குச் சதை வேண்டும் என்றார். வெட்டுப்பட்டது அவர் ஊர். அந்த ஊரில்தான் ஜொகரா பிறந்தாள். இந்த உலகத்தில் அவள் பிறக்கவே இல்லை.

"பெரியவரே, எனக்கு லத்தீன் தெரியாது. நான் சொல்றதை எழுதிக் கொடுங்க. ஒங்க ஆளும் திரும்பக் கிடைக்கட்டும், என் வீட்டுக்காரியும் திரும்பக் கிடைக்கட்டும்."

பயந்த மனிதர்கள் சீக்கிரம் ஒத்துப்போவார்கள். பெரியவர் சாக்கட்டியை எடுத்தார்.

மூன்றாம் தடவை துளைக்குள் போனபோது சதக்குத்தம்பி எதையும் லேஞ்சி போட்டு மூடவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாகக் கடைசி விலையை முதலிலேயே சொன்னார். நான் புனிதன் இல்லை. வியாபாரி. கூட்டிச் சொன்னேன். என் ஊர் போயிற்று. என் மனைவி போய்விட்டாள். எழுதியதை அழித்துவிடுங்கள்.

கை வெடுக்கென்று விலகியது.

அவர் அசையாமல் காத்திருந்தார். வெறும் கல்லைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த துஆவையெல்லாம் ஓதினார். வெளியே அந்தப் பெண் விசும்புவது கேட்டது. நேரம் போயிற்று. போய்க்கொண்டே இருந்தது.

பிறகு கை வந்தது. குலுங்கிக்கொண்டு வந்தது. அழுகிறாரோ என்று நினைத்தார். விரல்களைப் படித்தபோது தெரிந்தது, கிழவர் சிரிக்கிறார். புனிதர் என்று நம்பி ஏமாந்த வெட்கமும், கழுதைச் சந்தையில் தன்னை ஏமாற்றிய ஒருவனைக் கையும் களவுமாகப் பிடித்ததுபோன்ற சந்தோஷமும் அந்தச் சிரிப்பில் சேர்ந்து இருந்தன. சிரித்து ஓய்ந்து, சதக்குத்தம்பியின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். நான்கு மடங்கின. ஆள்காட்டி விரல் மட்டும் நின்றது. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

ஒன்று. ஒரு ராஜாவை மட்டும் விடமாட்டாராம். ராஜாக்களின் வரிசை எழுதுகிறவன் நல்ல தொடக்கம் ஒன்று கிடைத்தால் எப்படி விடுவான்?

பெரியவர் பலகையில் எழுத எழுத, சதக்குத்தம்பி மன்றாடினார். விரல் விடவில்லை. கடைசியில் இருவரும் ஒரு விலைக்கு வந்தார்கள். ஒரு ராஜா. முத்து இல்லை, பொன் இல்லை, தீவு எந்தத் திசை என்பதும் இல்லை. ஒரு படகு, ஒரு காக்கை, ஒரு வில். எந்தக் கப்பல்காரனும் நம்பிக் கிளம்ப முடியாத ஒரு வரி.

கை கை கொடுத்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு உருவினார்.

"சதக்கு-சான்?" டாக்டர் இசோனோவின் குரல்.

கண்ணைத் திறக்காமலே கதவு வரை தடவிப் போனார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"இருக்கியா?"

"எங்கெ போவேன்?"

கதவைத் திறந்தார். பூப்போட்ட தட்டம். மடியில் சோற்றுப் பாத்திரம். இடது புருவத்தில், குறுக்கே, அழகான, அசிங்கமான அந்த வடு. சதக்குத்தம்பி வாசலிலேயே மண்டியிட்டு, அவள் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

"என்ன மச்சான் இது, டாக்டரம்மா பாக்குறாங்க," என்றாள் ஜொகரா. "எந்திரிங்க. மொதல்ல சாப்பிடுங்க. பசில வந்த மயக்கம்."

பாத்திரத்தைத் திறந்தாள். நெய்ச்சோறு. கத்திரிக்காய் மாங்காய். அல்லாஹ்வின் உலகத்தில் இதைவிட நல்ல வாசனை கிடையாது. அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். அவள் ஒவ்வொரு கவளமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாருக்கா?"

"ஒன் கைய வெட்டி மியூசியத்துல வைக்கணும்."

"இன்னும் வைக்கவா?"

"வையி."

அவள் கையிலிருந்த கரண்டி பாத்திரத்தின் விளிம்போடு நின்றது. அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். ஜொகராவின் முகத்தில் ரத்தமில்லை.

"என் மச்சானுக்குக் கத்திரிக்கா ஆகாது," என்றாள் மெதுவாக. "வாயில பட்டாலே ஒதடு வீங்கிரும். கல்யாணமான புதுசுல ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடிருக்கோம். அதுக்கப்புறம் எங்க வீட்டுல இன்னிக்குத்தான் வாங்குனேன்."

அவர் வாயில் இருந்த கவளம் அப்படியே நின்றது.

"அவருதான் சொன்னாரு, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆகலாம், வந்ததும் என்னைப் பாத்து அடையாளம் தெரிஞ்சுக்குவேன்னு. அவரு என்னைத் தெரிஞ்சுக்குவாரு, சரி. நான் அவரை எப்படித் தெரிஞ்சுக்கிறது? நானும் வியாபாரி வீட்டுப் பொண்ணுதான். சரக்கைப் பாக்காம வாங்க மாட்டோம். அதான் இதை ஆக்கிக் கொண்டாந்தேன்."

"நீ சைக்கிள்லேருந்து..."

"விழுந்தேன். கித்தானோ மேட்டுல. அதெல்லாம் சரியாத்தான் இருக்கு."

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். பொய் நாக்கு நுனி வரை வந்தது. முப்பது வருஷத் தொழில், ஒரு சொல்லுக்கா பஞ்சம்? ஆனால் இன்றைக்கு இருந்த பொய்யெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. பையிலிருந்து லேஞ்சியை எடுத்து உதறி, தன் கைமேல் போட்டு, அவள் பக்கம் நீட்டினார். கேட்கிற விலையைக் கேட்கட்டும், கொடுத்துவிடலாம் என்று நினைத்தார். துணிக்கு அடியில் அவள் விரல் வந்தது. ஒன்றும் கேட்கவில்லை. சும்மா நடுங்கிக்கொண்டிருந்தது.

"அவரு இப்போ எந்தக் கதவுக்குப் பின்னால நிக்கிறாரோ," என்றாள். "இருக்கியான்னு கேப்பாரே. அங்கே ஒக்காந்திருக்கவ என்ன சொல்லுவா?"

சோற்றுப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்த அந்தப் பெண்ணின் முகம் அப்போதுதான் அவருக்கு முழுசாக ஞாபகம் வந்தது.

"எங்கெ போவேன்னுதான் சொல்லுவா," என்றார்.

ஜொகரா தலையாட்டினாள். அவள் கண் அவர் மேல் இல்லை. அவருடைய தோளைத் தாண்டி, இன்னும் சாத்தாமல் கிடந்த கதவுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.